கூப்பிடத் தெரிந்தால் போதும்

அக்கா நிரல் எழுதிப் பிழைப்பவள். தம்பிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. குரல்கூட அறை வாசலைத் தாண்டாது. அவன் கூப்பிட்டால் வீட்டுக்குக் கேட்க வேண்டும், அவளுக்கு அதுதான் கவலை. கட்டிலோரம் ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் கூடத்து விளக்கு எரியும், சமையலறை மணி அடிக்கும்.

அவசர வேலை. விளக்கும் மணியும் அந்தப் பொத்தானையே கட்டிக்கொண்டு அழுதன, வேறெதையும் ஏற்காத நிரல். போன மாதம் விரலும் போயிற்று. மணி அடிக்கவில்லையே, தூங்குகிறான் என்று அம்மா அரைப் பகல் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் கண்ணை மூடவே பயந்தான். தூங்குவதாக நினைத்து விட்டுவிடுவார்களாம்.

திரைச்சீலை உப்பி உப்பி அடங்கிய ஒரு மதியம், அக்கா எல்லாவற்றையும் அழித்து எழுதினாள். இந்த முறை பொத்தானை எழுதவில்லை, இன்டர்ஃபேஸ் ஒன்றை, அதாவது எந்தக் கருவியும் வந்து பொருந்தக்கூடிய பொது இடம் ஒன்றை, எழுதினாள். அதில் ஒரே வாக்குறுதிதான்: கூப்பிட்டானா என்று கேட்டால் ஆம், இல்லை சொல்ல வேண்டும். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது அதனதன் பாடு. அந்த வாக்கைக் காப்பாற்றும் எதுவானாலும் விளக்குக்குச் சம்மதம்.

"அப்போ நான் யாருன்னே உன் விளக்குக்குத் தெரியாதா?" என்று தம்பி முனகினான்.

"தெரிய வேணாம்டா. நீ கூப்பிட்டது தெரிஞ்சா போதும்."

"ரொம்ப மரியாதைதான்."

இமையைக் கவனிக்கும் சின்ன கேமராவைப் பொத்தானின் இடத்தில் செருகினாள். மூன்று நொடி கண் மூடினால் அழைப்பு. விளக்கின் நிரலில் ஒரு வரிகூடத் தொடவில்லை. தம்பி மூடிப் பார்த்தான், எரிந்தது.

"கண்ணும் போயிட்டா?"

"மூச்சைப் பார்க்கிறது ஒண்ணைச் செருகுவேன். இடம் எப்பவும் இருக்கும்."

அவன் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் தண்ணீர் மாதிரிச் சுவரில் ஆடியது.

அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. அம்மா ஈரக்கையோடு ஓடினாள், பின்னாலேயே இவளும். தம்பி கண்மூடிக் கிடந்தான். மார்பு மெல்ல ஏறி இறங்கியது.

"என்னடி வேணுமாம் அவனுக்கு?"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தூங்கினாலும் கண் மூடும் என்பதை அந்த மகா புத்திசாலி யோசிக்கவே இல்லை.

"ஒண்ணும் வேணாம்மா. பயமில்லாம தூங்குறான்."

கேமரா பகுதியை மட்டும் திருத்தினால் போதும், ஐந்து நிமிட வேலை. அதைத் தொடாமல், அவன் விழித்துவிடாதபடி அவள் மணியை மட்டும் நிறுத்தினாள். பட்டப்பகலில் கூடத்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அம்மா அதன் கீழே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.