நூற்றுப் பதினான்காம் அறை மாணவர்

நீச்சல் தெரியுமா என்று ஒருத்தி கேட்டால் தெரியும் என்று சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். நம் மாப்பிள்ளை, "தண்ணியில விட்டா நான் வெளிய வரவே மாட்டேன்" என்றான். ஒரு வகையில் அது சத்தியமான வார்த்தைதான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே அவனுக்கு மூச்சு முட்டும்.

கேட்டவள் யார் என்றாவது யோசித்திருக்கலாம். நகராட்சி நீச்சல் குளத்தில் எட்டு வருடமாகப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவள். முதன்முதலாக இருவரும் சந்தித்த அன்று, இரண்டு வீட்டாரும் அடுத்த மேஜையில் உட்கார்ந்து காதை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, அவள் கேட்டது இந்த ஒரே கேள்விதான். சம்பளம் கேட்கவில்லை, சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

"நாள் முழுக்கத் தண்ணியில நின்னு அடுத்தவங்களைத் தாங்கிப் பிடிக்கிறதுதான் என் வேலை. எனக்குன்னு கொஞ்ச தூரம் நீந்திப் போறப்ப பக்கத்துல ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்" என்றாள். சொல்லும்போது அவள் முகம் மிகவும் அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்ல அவனால் முடியவில்லை.

இத்தனைக்கும் பொய்யைப் பிடிப்பதுதான் அவன் உத்தியோகம். வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சோதிக்கும் அதிகாரி. "பத்து வருஷமா ஓட்டுறேன் சார்" என்று அளப்பவர்களை, ஸ்டியரிங்கில் கை வைக்கும் விதத்திலேயே கண்டுகொள்வான். படிவத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல், "மறுபடி வாங்க" என்பான். எப்போது என்று கேட்டால் சுவரில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பேனாவால் காட்டுவான். அலுவலகத்தில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. கல்யாணத்துக்கு வந்த சக ஊழியர்கள் மணப்பெண்ணிடமே, "எங்க 'மறுபடி வாங்க' சாரைப் பத்திரமாப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

தேனிலவுக்குக் கடற்கரை விடுதியைத் தேடிப்பிடித்தது அவள்தான். அங்கே கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளிக் கடலில் ஒரு மரமேடை மிதந்துகொண்டிருக்கும். நீந்திப் போய் ஏறி உட்காரலாம். கல்யாணத்துக்கு முன்பே அதன் படத்தை அவனுக்கு அனுப்பி, "நாம ரெண்டு பேரும் இதுல" என்று எழுதியிருந்தாள். அவனும் கூச்சநாச்சமில்லாமல் ஒரு சிவப்பு இதயத்தைப் பதிலுக்கு அனுப்பிவைத்தான்.

முதல் நாள், சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகவில்லை என்றான். அரை மணி ஆனதும் வெயில் என்றான். வெயில் தாழ்ந்ததும் வலது தோளில் பழைய பிடிப்பு ஒன்று இருப்பது ஞாபகம் வந்து, அதைப் பிடித்து விட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் இடது தோளைப் பிடித்து விட்டுக்கொண்டான். அவள் தனியாக நீந்திப் போய் மேடையில் ஏறிக் கரையைப் பார்த்துக் கையசைத்தாள். இவனும் குடைக்கு அடியில் பழச்சாறும் கையுமாக உட்கார்ந்து பதிலுக்கு அசைத்தான்.

மேடையில் மற்றவர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் ஓரமாக ஒற்றையில் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "நாளைக்குச் சேர்ந்து போவோம்" என்றாள். "கண்டிப்பா" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

விடுதி வரவேற்பில் ஒரு அட்டை தொங்கியது. நீச்சல் பயிற்சி, தொடக்க நிலை, காலை ஏழு மணி, நான்கு வயது முதல். எந்த வயது வரை என்று போடவில்லை.

"உங்க குழந்தைக்கா சார்?" என்று கேட்டாள் வரவேற்பில் இருந்தவள்.

"எனக்கு."

சிரிக்காமல் இருப்பதற்கும் சேர்த்துச் சம்பளம் வாங்குகிறவள், சிரிக்கவில்லை. அறை எண்ணை மட்டும் எழுதிக்கொண்டாள். நூற்றுப் பதினான்கு.

மறுநாள் விடிந்ததும் மனைவி கடலுக்குப் போனாள். "நான் ஒரு வாக்கிங் போயிட்டு வந்துடுறேன், அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு இவன் குளத்துக்குப் போனான். அங்கே ஏழு குழந்தைகள் வரிசையில் நின்றன. எட்டாவதாக இவன். கையில் மாட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை குழந்தைகளுக்குத் தோள்வரை ஏறியது, இவனுக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. பெரிய பெரிய லாரிக்காரர்களையெல்லாம் வியர்க்க வைத்த அதிகாரி, பக்கத்தில் நின்ற முன்பல் விழுந்த சிறுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான்.

"அங்கிள், கண்ணைத் திறந்து வச்சுக்கங்க. மூடினாத்தான் பயமா இருக்கும்" என்றாள் அவள். இவன் அடக்கமாகத் தலையாட்டினான்.

அறைக்குத் திரும்பியபோது மனைவி முந்திக்கொண்டு வந்திருந்தாள்.

"நல்லா நடந்தீங்களா?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"தலை இப்படி நனைஞ்சிருக்கு?"

"வியர்வை."

அவள் கிட்டே வந்து, அவன் தலையைத் தன் பக்கம் சாய்த்து, முடியை முகர்ந்தாள். மாப்பிள்ளை அதைக் காதல் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்று கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று இவன் சொன்னபோது கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. அவள் சரி என்றாள். அன்றும் தனியாகவே மேடைக்குப் போனாள். இந்த முறை கையசைக்கவில்லை. திரும்பி வந்தபோது, நாளைக்குச் சேர்ந்து போவோம் என்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

மூன்றாம் நாள் காலை குளத்தில் விசில் சத்தம் கேட்டது. பயிற்சியாளரைக் காணோம். இடுப்பளவு தண்ணீரில், தலையில் ரப்பர் தொப்பியும் கையில் பட்டியலுமாக அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க மாஸ்டர்கிட்ட இன்னிக்கு ஒரு நாள் வகுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கேன்" என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டு அறை எண்களை வாசித்தாள். "நூத்தி ரெண்டு." ஒரு கை உயர்ந்தது. "நூத்தி ஒம்பது." இன்னொரு கை. "நூத்திப் பதினாலு."

எந்தக் கையும் உயரவில்லை.

"அங்கிள், அது நீங்கதான்" என்றாள் பல் விழுந்தவள்.

அவன் கையைத் தூக்கினான். காற்றுப்பையும் கூடவே உயர்ந்தது.

அவன் முறை வந்ததும் எல்லோரையும் போல அவனையும் மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் கை கொடுத்தாள். காதுவரை தண்ணீர் வந்தது. மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"குளோரின் வாசனை. எட்டு வருஷமா என் தலையில இருக்கு. என்கிட்ட வந்து வியர்வைன்னு சொல்றீங்க. நேத்து சாயங்காலம் மாஸ்டர்கிட்ட கேட்டப்பத்தான் பட்டியல்ல நம்ம ரூம் நம்பரைப் பார்த்தேன்."

"நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா கத்துக் கொடுத்திருப்பேனே. வேற என்னங்க வேலை எனக்கு?" என்றாள். "ரெண்டு நாளா அந்த மேடையில தனியா உட்கார்ந்திருக்கேன். என்கூட வரவே உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகலை."

  தன் கெட்டிக்காரத்தனத்துக்கு இப்படி ஒரு பொருள் இருக்கும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை.

"வேற ஏதாவது பொய் இருக்கா? இப்பவே சொல்லிடுங்க. கையை எடுத்துடுவேன்."

"தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திரிப்பேன்னு சொன்னது."

"அப்புறம்?"

"உங்க அப்பா பாட்டு நல்லாயிருந்துச்சுன்னு சொன்னது."

"அது ஊரே சொல்ற பொய். அது கணக்கில்லை" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிவில் தேர்வு. காற்றுப்பையைக் கழற்றிவிட்டு, குளத்தின் அகலத்தை ஒருமுறை நீந்திக் கடக்க வேண்டும். குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை அடித்துக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. கடைசியில் இவன். இறங்குமுன் அவள் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று கெஞ்சும் பார்வை. தினமும் இருபது பேர் பக்கத்து இருக்கையிலிருந்து தன்னை இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பாதி தூரம் உதைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு தலை நிமிர்ந்தது, கைகள் இரண்டும் வெகு மும்முரமாக நீந்தின, உடம்பும் சீராக முன்னால் போயிற்று. பல் விழுந்தவள்கூடக் கை தட்டினாள்.

"காலு தரையில இருக்கு" என்றாள் மனைவி.

அவன் நின்றான். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

குழந்தைகளுக்கு வாத்துப் படம் போட்ட சான்றிதழ் ஆளுக்கு ஒன்று கிடைத்தது. அவள் பட்டியலில் கடைசி வரிக்கு வந்து பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மறுபடி வாங்க."

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. "எப்ப?" என்று கேட்டான்.

அவள் எந்தப் பலகையையும் காட்டவில்லை. "நாளைக்கு, ஏழு மணிக்கு" என்றாள். "வாக்கிங்னு சொல்லாம வாங்க."