பதினேழாவது கேள்வி

எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கொடுத்த அந்தப் படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. கடைசல்காரர் ஒன்றைக்கூடப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

மூன்று மாதத்துக்கு முன் லேத்தில் நின்றுகொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். சிடி ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்குழாய்கள் சிக்கிய நூல்கண்டுபோல் முடிச்சிட்டுக் கிடப்பது தெரிந்தது. மண்டையைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே கதிர்களைக் குவித்து அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். மனைவிக்கு அன்று வந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கவில்லை. கத்தி இல்லாத சிகிச்சைக்கு இத்தனை முன்னேற்பாடா என்று அலுத்துப்போனாள். ரத்தப் பரிசோதனை முடிவு காணாமல் போய் மறுபடி ஊசி குத்தினார்கள். தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. ஒரு முறை மெஷின் பழுது, இன்னொரு முறை இவருக்குக் காய்ச்சல். இன்று எம்.ஆர்.ஐ. எடுத்தால் அடுத்த வாரம் கதிர் சிகிச்சை.

அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுப்பவள். யார் கத்தினாலும் பொறுமையாகப் பேசுவாள். அந்தப் பொறுமை வீட்டு வாசல்வரைதான் வரும்.

"பதினேழாவது கேள்வியைப் படிச்சீங்களா?"

"எல்லாம் ஒண்ணுதான். குண்டு பாஞ்சிருக்கா, பேஸ்மேக்கர் இருக்கான்னு. எனக்குப் பசிதான் இருக்கு."

"கண்ணுல இரும்புத் துகள் விழுந்திருக்கான்னு கேக்குறாங்க."

"லேத்துல நிக்கிறவன் கண்ணுல விழாம, போன்ல பேசுறவ கண்ணுலயா விழும்? அப்பவே எடுத்தாச்சு."

"யார் எடுத்தா? டாக்டரா?"

அவர் சுவரைப் பார்த்தார். பக்கத்து மெஷின்காரர் கைக்குட்டை நுனியால் துடைத்து எடுத்ததும், ஒரு வாரம் இடது கண் சிவந்து கிடந்ததும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சும்மா இரு. சொன்னா திரும்பவும் தேதியைத் தள்ளிடுவாங்க. எனக்கு வெறுத்துப்போச்சு."

"எனக்கு மட்டும் இனிக்குதா?" என்றபடி எழுந்து நேராக நர்ஸிடம் போனாள்.

நர்ஸ் படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது பெரிய காந்தம் சார். கண்ணுக்குள்ள துளி இரும்பு இருந்தாலும் இழுத்துடும். முதல்ல எக்ஸ்ரே எடுக்கணும்."

எக்ஸ்ரேவுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அது தலைகீழாக இருந்தது. அவளும் சொல்லவில்லை.

படத்தில் இடது கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, கடுகில் பாதி இருக்கும்.

"இதோட உள்ள போயிருந்தா இந்தக் கண்ணு இன்னைக்கே போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"உறுத்தவே இல்லையே டாக்டர்" என்றார் கடைசல்காரர். குரல் இறங்கிவிட்டது. படத்தை வெளிச்சத்தில் தூக்கி வெகுநேரம் பார்த்தார். வீடு போகும்வரை அவள் பையை அவர்தான் சுமந்தார். நன்றி என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

கண் டாக்டர் துகளை எடுத்து, புண் ஆற மூன்று வாரம் ஆனது. அப்புறம் எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகும் கதிர் சிகிச்சைக்கென்று ஒரு பட்டியல் வந்தது: தலைக்கு ஷாம்பு போட வேண்டும், எண்ணெய் கூடாது, முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது, மோதிரத்தைக் கழற்ற வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் தங்கம்தானே என்று விட்டுவிட்ட மோதிரம் இப்போது சோப்புக்கும் அசையவில்லை. "வெட்டிடு" என்றார். "விரலையா?" என்று கேட்டுவிட்டு நூல் சுற்றிக் கழற்றினாள்.

சிகிச்சை நாள் காலையில் தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டம் மாட்டினார்கள். நான்கு இடங்களில் மரத்துப்போக ஊசி, நான்கு திருகு. ஊசிக்கு முகம் சுளித்தவர் திருகைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், ஒரு பக்கமா முறுக்காதீங்க. எதிரெதிரா முறுக்கணும். இல்லன்னா சென்டர் விலகிடும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கொஞ்சம் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்."

"அப்படித்தான் முறுக்குறோம்" என்றார் டாக்டர். "சரியாச் சொல்றார்."

அதன்பின் ஒரு மணி நேரம் அவர் மெஷினுக்குள் அசையாமல் படுத்திருந்தார். வலியில்லை, சத்தமில்லை. வெளியே வந்ததும், "முடிச்சு போயிடுச்சா?" என்று கேட்டார்.

"மெல்லத்தான் அடைபடும். ரெண்டு, மூணு வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் வலிப்பு மாத்திரையை விடக் கூடாது. நான் சொல்றவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது, லேத் பக்கமும் போகக் கூடாது."

"மூணு வருஷமா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"லேத் விஷயத்தை எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள் அவள். "நான் சொன்னா கேக்க மாட்டார்."

அந்த நாட்களை அவர்கள் சண்டை போட்டே ஓட்டினார்கள். பட்டறையில் அவருக்குக் கணக்கு மேசையைக் கொடுத்தார்கள். அங்கிருந்தபடியே மற்றவர் கடைசலில் குற்றம் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் எட்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் முடிச்சு அடைபட்டிருந்தது.

"அப்ப மாத்திரையை நிறுத்தலாமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

டாக்டர் அறையில் சிரித்துக்கொண்டிருந்தவள் நடைபாதைக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"வழியில நிக்கிறோம், தள்ளி வா" என்று அவள் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். ஸ்ட்ரெச்சர் போன பிறகும் கையை விடவில்லை.