ஊசி போட்ட கட்லா

அமிர்தசாமியைப் பெட்டியில் வைக்கும்போது அங்கே இருந்தவர்கள்: மனைவி லூர்துமேரி, திண்டிவனத்திலிருந்து வந்த மகன் நவீன், தங்கை சவரியம்மா, ஜெபம் சொல்ல வந்த கோயில்பிள்ளை, நாற்காலிகள் கொண்டுவந்து போட்ட பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி. வீட்டுக்குப் பின்னால், குஞ்சு பொரிக்கும் கொட்டகையில், தொட்டிக்குள் ஒரு தாய்க்கட்லா மீன். அதையும் சேர்த்துத்தான் லூர்துமேரி எண்ணினாள்.

காலையில் அதற்குக் கடைசி ஊசியைப் போட்டுவிட்டுக் கஞ்சிக்கு உட்கார்ந்தவர், கிண்ணத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். வெயில் தாழ முட்டை வரும். வெயில் தாழத்தான் அடக்கமும்.

வளர்க்கிற மீனுக்கும் கோடையில் சினை பிடிக்கும். ஆனால் ஆற்றில் புதுவெள்ளம் வந்தால்தான் அதன் மூளை முட்டையை விடச் சொல்லும். தொட்டிக்கு வெள்ளம் வராது. அதனால் அமிர்தசாமி வேறொரு மீனின் மூளையடியில் கடுகளவு இருக்கும் சுரப்பியை அரைத்து ஊசியில் ஏற்றுவார். கடையில் மருந்து வந்த பிறகும் மாறவில்லை. ஆனி, ஆடியில் சினையோடு வெட்டுப்பட்ட மீன்களின் தலைகளையே செஞ்சி மார்க்கெட்டில் தேடுவார். தை மாதத்துத் தலையில் ஒன்றும் இருக்காது என்பார்.

"தலைய மட்டும் வாங்கினு போறியே, ஒடம்ப உன் மாமியாரா துன்றாங்க?" என்று மீன்காரி மீனம்பாள் கேட்பாள்.

செத்த மீன் சொல்லி உயிரோடிருக்கும் மீன் முட்டை விடுகிறது. முதல் வருடம் லூர்துமேரி கொட்டகைப் பக்கமே போகவில்லை. பிறகு, அவர் வயிற்றை அழுத்தி முட்டையைப் பிழிய, இவள் எதிரே உட்கார்ந்து மீனின் தலையைப் பிடிக்கப் பழகினாள்.

லூர்துமேரி பெட்டியருகிலிருந்து எழுந்தாள்.

"பொணத்த வுட்டுட்டு எங்க அண்ணி போற?" சவரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "கண்ணுல ஒரு சொட்டு தண்ணி காணோம்."

லூர்துமேரி நவீனைக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். கட்லா தொட்டியின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

"நான் கல்லறைக்கு வரலடா."

"இன்னாம்மா நீ? ஒரு மீனுக்கா? போனா போவட்டும்."

"உங்க நைனா ஊசி போட்டுட்டாரு. இனிமே அத நிறுத்த முடியாது. நேரத்துக்குப் பிழியலன்னா முட்ட வயித்துக்குள்ளயே அழுகிடும். அதுவும் செத்துடும்."

"உனக்குப் பிழியத் தெரியுமா?"

"தலைய புடிக்கத் தெரியும்."

நவீன் ராஜகிரி மலைமேல் தேங்கியிருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்த என்ன உயிரோட துன்னுடும்."

"மயக்கம்னு சொல்லு. கோவிந்தசாமி ஊட்ல படுத்திருக்குதுன்னு சொல்லு. அந்தாளு காட்டிக் குடுக்கமாட்டான். இதப் பூட்டி சாவிய நீயே வச்சிக்கோ."

"மூடறதுக்கு முன்ன ஒரு தடவ மூஞ்சியாவது பாத்துட்டு வாயேன்."

"காலைல பாத்தேன்."

பீங்கான் தட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். ஈரம் பட்டால் முட்டை வீணாகிவிடும். மறுபடி துடைத்தாள். முட்டையோடு, பக்கத்துத் தொட்டியில் இருக்கும் ஆண்மீனின் விந்தைக் கலக்க ஒரு கோழி இறகையும் எடுத்து வைத்தாள்.

"நவீனு, பெட்டிய மூடலாமா?" வீட்டுக்குள்ளிருந்து கோயில்பிள்ளை கூப்பிட்டார்.

தொட்டியருகே இரண்டு முக்காலிகள் கிடந்தன. லூர்துமேரி பழக்கத்தில் தலைப்பக்க முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, எதிரே அவர் உட்காரும் முக்காலிக்கு மாறினாள்.

நவீன் அதைப் பார்த்தான். கதவைச் சாத்தி, வெளியே பூட்டினான்.