வேலி தாண்டிய ஏழு மாமரங்கள்

வைகாசி பதினோராம் நாள் காலையில், தொட்டியத்தில் ஜீனத்தின் தோப்பிலிருந்த ஏழு மாமரங்களும் காய்களோடு வேலியைத் தாண்டிச் சென்று, செல்லக்கண்ணுவின் வாழைக்கொல்லையில் நின்றுகொண்டிருந்தன. முந்தைய நாள் மாலை ஜீனத்தின் அண்ணன் மீரான், அடுத்த கல்யாணம்வரை வைத்திருக்கத் தோப்பில் விறகு இறக்கியதே காரணம். திருச்சியில் பெயர்பெற்ற பிரியாணி மாஸ்டரான அவர், ஒரு கல்யாணத்தில் மிஞ்சிய மாங்கட்டையை அடுத்த கல்யாணத்துக்கு ஏற்றிச் செல்வதைத் தொழில் தர்மமாகக் கொண்டவர். விறகு மாறினால் தம் பிரியாணியின் மணம் மாறும் என்பது அவர் துணிபு. பழுதுபட்ட கட்டைக்கு ஊர்வலம் நடத்துவதைத் தர்மம் என்று அழைப்போர் நம்மிடையே உண்டு. எடமலைப்பட்டி புதூரில் ஏற்றிய அக்கட்டைகளின் ஊசித் துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தது. வழியில் ஸ்ரீரங்கத்தில் அவர் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தியபோதே, தெருவிலிருந்த மரங்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டன. நிழலும் உடன் போனதால் பூக்காரிகள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பின்தொடர்ந்தனர். சாலையை அகலப்படுத்துகிறார்கள் போலும் என்று மீரான் எண்ணிக்கொண்டார்.

நில அளவையர் நான்கு நாள் அளந்து, மரங்கள் நகரவில்லை, தோப்புதான் நகர்ந்தது என்று எழுதிக் கொடுத்தார். எனவே பழங்கள் செல்லக்கண்ணுவுக்கு உரியவையாயின. “வந்தவங்கள விரட்டவா முடியும்? தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்” என்றார் செல்லக்கண்ணு.

ஜீனத்துக்கு அந்தப் பழங்களைத் தவிர வேறு வருமானம் இல்லை. “அண்ணே, ஒங்க தம்முக்குப் பேர் வாங்கிட்டீங்க. என் மாங்காய்க்கு நான் அடுத்தவங்க வேலியில நிக்கிறேன்” என்றாள்.

வேளாண்மை அலுவலர் பவித்ரா ஒரு கட்டையைப் பிளந்து காட்டினார். உள்ளே வெளியூர் வண்டுகள் குடும்பத்துடன் குடியிருந்தன. “இதுங்க தானா இவ்வளவு தூரம் பறக்காதுங்க, பாய். நீங்கதான் வண்டி வச்சுக் கூட்டியாந்திருக்கீங்க. வெட்டுன ஊர்லயே எரிச்சிருக்கணும். இனிமே ஒரு சுள்ளிகூட இங்கேருந்து நகரக் கூடாது.”

“இருபத்தாறு வருஷமா என் விறக யாரும் குத்தம் சொன்னதில்லம்மா” என்றார் மீரான்.

“அதான் இப்ப மரம் சொல்லுதே.”

மீரான் தோப்பிலேயே அண்டாவை ஏற்றி, கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், கடைசிக் கட்டை சாம்பலாகும்வரை தொட்டியம் முழுவதற்கும் சமைத்துப் போட்டார். செல்லக்கண்ணு மூன்று முறை உண்டார். சாம்பல் ஆறியதும் மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பித் தத்தம் குழிகளில் நின்றன. ஒரு காயும் உதிரவில்லை. தோப்பு திரும்பிவிட்டதாக நில அளவையர் குறித்துக்கொண்டார்.

இப்போது மீரான் சமைக்கும் ஊரிலேயே விறகு வாங்குகிறார். மணம் குறைந்துவிட்டதாக அவர் ஒருவரே கூறிவருகிறார். தங்கையைப் பார்க்க அவர் பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம் ஏழு மரங்களும் கிளைகளைத் தாழ்த்தி வழிமறிக்கின்றன. அவரும் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே செல்கிறார்.