பின்னறையின் அளவு

சவப்பெட்டிக் கடைக்காரர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். காற்சட்டையின் இரண்டு பக்கமும் தடவினார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்பை வரவழைத்து, அது சிரிக்கும் இடமில்லை என்று உறைத்ததும் விழுங்கிக்கொண்டார்.

“டேப்பை காலையில போன வீட்டுலயே விட்டுட்டேன் போலிருக்கு. வீட்டுல ஏதாவது டேப் இருக்குமாம்மா? வழக்கமான ஆளுன்னா கண்ணாலயே சொல்லிடுவேன். இவரு நல்ல உயரம். கடையில தயாரா இருக்குற பெட்டி எதுவும் பத்தாது.”

அம்மா சுவரில் சாய்ந்து, தரையில் கிடத்தியிருந்த தன் அண்ணனின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை கணுக்காலோடு நின்றுவிட்டிருந்தது.

“இவன்கிட்ட இருக்கு” என்றாள், பார்வையை எடுக்காமல். “போன வாரம்கூட அளந்தான். போய் எடுத்துட்டு வாடா.”

அவன் எழுந்தான். பின்னறைக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் தாண்டிப் போக வேண்டும். இரண்டாவது வரிசையிலேயே மாமா ஓட்டிய பேருந்தில் வேலை பார்த்த நடத்துநர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தாலும் குரல் மட்டும் நிறுத்தத்தில் ஆள் ஏற்றும் குரலாகவே இருந்தது.

“மருமகன்னா இப்படி இருக்கணும்யா. உன் மாமா நெட்டை எனக்கு போன் போட்டுப் பீத்திக்கிட்டான். ‘எனக்குக் கால் நீட்டிப் படுக்கப் புதுக் கட்டில் பண்ணப் போறான், ரூமையே அளந்துட்டான்’னு. எனக்கு மட்டுமா? டிப்போ முழுக்கச் சொல்லியிருக்கான்.”

“என்கிட்டயும் சொன்னாரு” என்றாள் எதிர்வீட்டு அக்கா. “பெத்த பிள்ளைகூட இப்படி யோசிக்காது.”

“நான் ஒண்ணும்...” என்று அவன் ஆரம்பித்தான்.

“பாரு, சொன்னாக் கூசுறான்” என்று நடத்துநர் அவன் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

கூசியது உண்மைதான்.

அந்த டேப்பை அவன் வாங்கியதே கம்ப்யூட்டருக்காக. பகலில் ஜெராக்ஸ் கடை, மாலையில் வகுப்பு என்று ஓடுகிறவனுக்கு இருந்த ஒரே ஆசை, தன் கையால் பூட்டிய ஒரு கேமிங் கம்ப்யூட்டர். எதையும் சட்டென்று எடுத்துவிடுகிறவன் இல்லை அவன். பிராசஸரைத் தேர்ந்தெடுக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. அதற்கு இந்த மதர்போர்டு ஒத்துப்போகுமா, மதர்போர்டு சரியென்றால் கிராபிக்ஸ் கார்டு நீளம் அதிகமோ, கார்டு பொருந்தினாலும் பவர் சப்ளை தாங்குமா என்று ஒன்றை முடிவு செய்தால் இன்னொன்று அவிழும். முடிவு செய்ததையும் மறுநாள் சந்தேகப்படுவான். வகுப்பு முடிந்து வந்ததும் இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல அவனுக்கு இருந்தது பின்னறைக் கட்டில் ஓரம்தான்.

மாமா பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்பார். கட்டிலுக்கு வெளியே நீண்ட கால்கள் ஒரு ஸ்டூலின் மேல் இருக்கும்.

“கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான்டா. அதென்ன, மதர்போர்டு? அம்மா பலகையா? அப்ப மாமா பலகை எங்க?”

“நீங்க பவர் சப்ளை மாமா.”

“ம், அப்படிச் சொல்லு.”

இதையெல்லாம் உள்ளே பூட்டும் பெட்டி, அதாவது கேபினெட் விஷயத்தில்தான் அவன் ரொம்ப நாள் இழுத்தான். சின்னது ஒன்று இருந்தது. கூடத்தில் அவன் படுக்கும் மூலையிலேயே அடங்கிவிடும். பெரியது ஒன்று இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கோடு சுழலும் விசிறிகள். பெரியதைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது என்று மாமாவிடம் விளக்கியிருந்தான். “முன்னாடி காத்து உள்ள போகணும், பின்னாடி சூடு வெளிய வரணும். இறுக்கி வெச்சா கொதிச்சிடும் மாமா.”

“எங்க வண்டி இன்ஜினும் அப்படித்தான். சந்தேகம்னா என் முட்டியைக் கேளு.”

அதற்கு அடுத்த வாரம் டாக்டர் அம்மாவை வெளியே அழைத்து, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அவனும் அழுதான், பொய்யாக அல்ல. ஆனால் அழுது முடித்துப் பேருந்தில் வரும்போது பின்னறை ஜன்னல் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. கட்டிலை எடுத்துவிட்டால் மேசை, நாற்காலி, பெரிய கேபினெட் எல்லாமே நிற்கும்.

மறுநாள் டேப்போடு போய் நின்றான். மாமா தூங்குகிறார் என்று நினைத்துத்தான் சுவரில் வைத்தான். மறுமுனை நழுவி நழுவி விழுந்தது.

“என்னடா பண்ற?”

“ஒண்ணுமில்ல மாமா... உங்களுக்குப் புதுக் கட்டில். நீளமா. காலை நீட்டிப் படுக்கலாம்ல.”

மாமா அவனைப் பார்த்தார். பிறகு படுத்தவாக்கில் கையை நீட்டினார். “இங்க கொடு, நான் புடிச்சுக்குறேன்.” டேப்பின் நுனியைச் சுவரில் வைத்து, கை நடுங்காமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். நகம் வெளுக்கும்வரை.

அன்று மாலையே வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பெரிய கேபினெட்டை ஆர்டர் செய்தான். எந்த அறையை, எப்படிக் காலியாக நினைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது அவனுக்குத் தெரியும்.

நடத்துநரின் பிடியிலிருந்து அவன் கையை உருவிக்கொள்ளும் நேரத்தில் வாசலில் யாரோ செருமினார்கள். பார்சல் ஆள். இடுப்பளவு உயரப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உள்ளே நடப்பதைப் பார்த்ததும் திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் ஒற்றைக் காலில் தத்தளித்தார்.

“அட்ரஸ் இதுதானேங்க? அப்புறமா வேணா வரட்டுமா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

“கட்டிலா?” என்றாள். “கட்டில் வந்துடுச்சா?” குரல் உடைந்தது. “ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு ராத்திரியாவது காலை நீட்டிப் படுத்திருப்பாரே எங்கண்ணன்!”

கூடம் முழுவதும் அழுதது. எதிர்வீட்டு அக்கா அம்மாவைத் தாங்கிப் பிடித்தாள். நடத்துநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், “கொண்டாப்பா” என்று பெட்டியை வாங்கி உள்ளே திருப்பி வைத்தார். படம் போட்ட பக்கம் கூடத்தைப் பார்த்தபடி நின்றது. கண்ணாடி. உள்ளே நீலமும் சிவப்புமாக விசிறிகள்.

“இது என்னது, கட்டில் மாதிரி இல்லையே?” என்றார் நடத்துநர். “பீரோவா?”

“கம்ப்யூட்டர் பெட்டிங்க” என்றார் பார்சல் ஆள் உதவியாக. “விளையாடுறது. இப்ப நிறைய பேரு வாங்குறாங்க.”

எதிர்வீட்டு அக்கா அம்மாவின் முந்தானையைச் சரிசெய்வதில் மும்முரமானாள். நடத்துநர் பெட்டியின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சவப்பெட்டிக் கடைக்காரர் மட்டும் தன் வேலையின் பழக்கத்தில், பெட்டியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

அம்மா படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். கன்னத்தில் ஈரம் அப்படியே இருக்க, அழுகை மட்டும் நின்றுபோயிருந்தது.

“உள்ள கொண்டு போய் வை.”

“எங்கம்மா...”

“எந்த இடத்தை அளந்தியோ அங்க வை.”

அவள் கத்தியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல மெதுவாகத்தான் சொன்னாள்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான். கதவில் இடித்தது. கட்டில் அப்படியே கிடந்தது. தலையணையில் பள்ளம், ஸ்டூலின் மேல் மடித்த துண்டு. அளந்த இடம் முழுவதும் கட்டிலாக இருந்தது. பெட்டியைக் கட்டிலின் மேல் வைக்க மனம் வரவில்லை. தரையில் வைக்க இடமில்லை. கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். கடைசியில் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

டேப் ஜன்னல் விளிம்பில் இருந்தது. எடுக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அன்று அளந்து முடித்து, டேப்பின் நுனியை விடுவதற்கு முன்னால் மாமா சொன்னது. “சுவத்துப் பக்கம் கொஞ்சம் விட்டே கணக்குப் பண்ணிக்கோடா. இறுக்கி வெச்சா கொதிச்சிடும்.” அவன் சரி மாமா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

கட்டில் எங்கேயாவது கொதிக்குமா?

அதற்குப் பிறகுதான் மாமா டிப்போ முழுக்க போன் போட்டிருக்கிறார்.

“தம்பி, கிடைச்சுதா?” கூடத்திலிருந்து சவப்பெட்டிக் கடைக்காரரின் குரல்.

அவன் திரும்பி வந்தபோது வழியில் இருந்தவர்கள் காலை மடக்கி இடம் விட்டார்கள். இந்த முறை யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. அம்மா போர்வையைக் கீழே இழுத்துப் பாதங்களை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இழுத்தால் மார்பு தெரிந்தது.

“தலைப் பக்கம் புடிங்க தம்பி” என்றார் கடைக்காரர். “நழுவாம.”

அவன் மண்டியிட்டான். மாமாவின் தலைக்கு மேல், தரையில் நுனியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். டேப் மாமாவின் பக்கமாக நீண்டு போனது. தோள், முழங்கை, இடுப்பு, முட்டி. கடைக்காரர் பாதத்தருகே குனிந்து எண்ணைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

“நல்ல உயரம்தான்” என்றார். “கொஞ்சம் விட்டே பண்ணச் சொல்றேம்மா. இறுக்கமா இருந்தா நல்லா இருக்காது.”

அம்மா தலையசைத்தாள்.

“அவ்வளவுதான் தம்பி. விட்டுடுங்க.”

டேப் இழுபட்டு நின்றது.

“தம்பி, ஆச்சு. விடுங்க.”

அவன் விரலை எடுக்கவில்லை. நகம் வெளுத்திருந்தது.