பழுப்பு வளையம்

தொழிற்சாலையில் பல வருடங்களாக டொலுவீன் என்ற கரைப்பான் நிரம்பிக் கிடந்த டேங்கைக் கழுவிக் காயவைத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் அதில் அசிட்டோன் என்ற வேறொரு கரைப்பானை நிரப்பப் போகிறார்கள். அடி வால்விலிருக்கும் ரப்பர் வளையம் அதைத் தாங்குமா என்று எழுதித் தர வேண்டியவர் வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். அவர் யோசிக்கவே இல்லை. "தாங்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அது அவர் நண்பன் சோடாபுட்டி வாங்கிய வளையம். அப்போது அவன் ஸ்டோர்ஸில் இருந்தான். சாதாரணக் கறுப்பு வளையங்கள் டொலுவீனில் ஊதி ஒழுகிக்கொண்டிருந்த காலம். மூன்று மாதம் மேனேஜரோடு மல்லுக்கட்டி, பத்து மடங்கு விலையில் இந்தப் பழுப்பு புளோரோ ரப்பரை வரவழைத்தான். மாட்டிய நாளிலிருந்து டீ நேரத்தில் இருவரும் பம்ப் அறைப் படியில் உட்கார்ந்து வால்வையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சொட்டலை."

"ம்."

அன்றைய பேச்சு அவ்வளவுதான். பேசாமல் உட்கார அப்படி ஒரு ஆள் பிட்டருக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. சோடாபுட்டி மகள் வீட்டோடு போய் ஆறு வருடமாகிறது.

வியாழன் காலை, லேபில் வேலை பார்க்கும் கொழுந்தியாள் இரண்டு கண்ணாடி ஜாடிகளோடு வந்தாள்.

"என்ன மாமா, ஊறப்போட்டுப் பாக்காமலே கையெழுத்தா? அக்காவைக் கட்டறதுக்கு முன்னாடி மட்டும் தெருத்தெருவா விசாரிச்சீங்களாமே?"

"அப்படி விசாரிச்சும் ஏமாந்தேன்ல? அதான் விட்டுட்டேன்."

"அக்காகிட்ட சொல்றேன், இருங்க."

ஸ்டோர்ஸில் மிச்சமிருந்த பழுப்பு வளையம் ஒன்றை வெட்டி இரண்டு நாள் அசிட்டோனில் போட்டிருந்தாள். இடுக்கியால் எடுத்துக் காட்டினாள். துண்டு இரண்டு மடங்கு பருத்து, நனைந்த ரொட்டிபோலத் தொளதொளத்தது. அழுத்தியதும் பிய்ந்தது. அடுத்த ஜாடியில் கறுப்புத் துண்டு ஒன்று, போட்டது போட்டபடி.

"கறுப்புதானே அன்னைக்கு ஒழுகுச்சு?"

"நிறம்தான் ஒண்ணு, ரப்பர் வேற. இது டொலுவீன்ல ஊதும், அசிட்டோன்ல அசையாது. உங்க பழுப்பு நேர்மாறு. விலை கூடினா எல்லாத்தையும் தாங்குமா மாமா?"

பிட்டர் கேன்டீனுக்குப் போய் சோடாபுட்டிக்கு போன் போட்டார்.

"டேங்க்ல அசிட்டோன் ஊத்தப் போறாங்கடா."

"அப்ப அதைக் கழட்டுடா."

"நீ வாங்குனது..."

"டொலுவீனுக்கு வாங்குனேன். என்னை நினைச்சுப் பாத்துக்கிட்டிருக்கவா வாங்குனேன்? ஒழுகி, தீப்பிடிச்சு எவனாவது வெந்து செத்தா?"

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து அந்தத் தாளை வாங்கி, "தாங்கும்" என்பதை அடித்துவிட்டு "தாங்காது, மாற்ற வேண்டும்" என்று எழுதினார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வால்வுக்கடியில் குந்தினார். எட்டு போல்ட்டும் கழன்றன. வளையம் மட்டும் இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இடுக்கில் பித்தளைத் தகட்டை நுழைத்து, ஓரம் ஓரமாக நெம்பினார்.

"அறுத்து இழுங்க மாமா. தூக்கிப் போடறதை எதுக்குக் கொஞ்சிக்கிட்டு?"

அவர் நிமிரவில்லை. அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எதுவும் பேசாமல் பக்கத்தில் குந்தி, கீழே கிடந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள்.