வள்ளிநாயகியின் எலும்புக் காவலர்

வள்ளிநாயகியின் இடுப்பெலும்புக்குள் காவல் நின்றவர்கள் முதன்முறை விசில் ஊதியது, மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. வார்டில் இருந்த அனைவரும் கேட்டனர். தாதி ஷமீமா நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ரத்தப் புற்று அவளது மஜ்ஜையைத் தின்று தீர்த்திருந்தது. நான்கு நாள்களுக்கு முன், முகமறியாத ஒருவர் ஈந்த குருத்தணுக்களை அவள் உடம்பில் ஏற்றினார்கள். ஈந்தவர் பெயரை மருத்துவமனை சொல்லாது. அவை வேரூன்றினால் அவள் வாழ்வாள், இல்லையேல் இல்லை. டாக்டர் தாரணி விளக்கியிருந்தார்: உடம்பின் படைவீரர்கள் அந்நியரைக் கண்டால் அடிப்பார்கள், ஆனால் மஜ்ஜைக்குள் வேறொரு காவற்படை உண்டு, குருத்தணுக்களைச் சூழ்ந்து நின்று சொந்த வீரர்களையே தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை.

அந்தக் காவலரை உசுப்பியவர் அவளுடைய அண்ணன் அம்பிகைபாகன். உட்லண்ட்ஸ் அடுக்குமாடியில் பதினான்காம் மாடி ஏறியவர். பிறப்பில் உயர்வு தேடும் பழக்கத்திலிருந்து ஒரு படிகூட இறங்கினாரில்லை. நாள்தோறும் வந்து, ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்பார்.

“ஆர்ட ரத்தம் எண்டு தெரியாமலே ஏத்துறது? என்ன ஆக்களோ!”

கேட்டதும் காய்ச்சல் அரைப் பாகை ஏறும்; படைவீரர் கிளம்புவர்; விசில் பறக்கும். பதினொரு நாள் இப்படியே. ஒருநாள் அவ்வொலிக்குச் சிராங்கூன் சாலையில் மூன்று பேருந்துகள் நின்றன என்று பூக்கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் நாற்பதைத் தொட்டது. அண்ணன் வாய் திறக்குமுன் அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலையில் ஒரு மயிர் இல்லை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“அண்ணா, எனக்குள்ள காவல் நிக்கிறவையே என்ன சாதி எண்டு கேக்கேல்லை. ஆரஞ்சு கொண்டுவாற உங்களுக்கு என்ன? வாயைப் பூட்டுங்கோ. இல்லாட்டி, லிஃப்ட் அங்கால இருக்கு.”

“ஆன்ட்டி, மெதுவா லா!” என்றார் ஷமீமா, சிரிப்பை அடக்கியபடி.

அம்பிகைபாகன் லிஃப்டில் இறங்கினார். மாலைக்குள் காய்ச்சலும் இறங்கியது. அடுத்த வாரம் அவள் ரத்தத்தில் புதிய வெள்ளணுக்கள் தலைகாட்டின.

ஆண்டு ஒன்று உருண்டது. அவளது ரத்த வகையே ஈந்தவருடையதாகி, ஓ-விலிருந்து பி-க்கு மாறிவிட்டது. அவள் எதிரே எவரேனும் சாதி விசாரித்தால் விசில் இன்றும் ஊதும். அவளது அடுக்குமாடிவாசிகள் அதற்குத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

அடுத்து வந்த பொங்கலன்று அம்பிகைபாகன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நான் இப்ப ஆர் எண்டு எனக்கே தெரியாது, அண்ணா. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?”

செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து, வாங்கிக் குடித்தார். சீனி போதாது என்று மட்டும் சொன்னார்.